இலைப் படத்தின் நிறம் பிசகினால் மருந்தும் பிசகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

"என் பயிருக்கு என்ன நோய்?" என்று கேட்டு விவசாயிகள் அனுப்பும் படங்களைத் தங்கள் வேளாண் பக்கத்தில் தொடர்ந்து பார்த்து வருகிறோம். இதே மாதிரிப் படங்கள்தான் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும், உரக்கடைக் கவுன்டருக்கும் போகின்றன. அவற்றில் பலவற்றை வைத்து எந்த நோயையும் உறுதியாகச் சொல்ல முடியாது. இலையின் நிறம் உண்மையான நிறமாக இருக்காது. அல்லது, காட்ட வேண்டிய புழு மங்கலாகவும் பின்னால் கிடக்கும் மண்கட்டி பளிச்சென்றும் விழுந்திருக்கும். கேமரா மட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய சின்ன டிஜிட்டல் கேமராவிலும் இந்த இரண்டு குறைகளையும் சரிசெய்ய முடியும். ஒயிட் பேலன்ஸ் (ஒளிக்கேற்ப நிறத்தைச் சரிக்கட்டுவது), ஆட்டோஃபோகஸ் (தெளிவாக விழ வேண்டிய இடத்தைக் கேமராவே தேடிப் பிடிப்பது) என்ற இரண்டு அமைப்புகளைக் கைக்குக் கொண்டுவந்தால் போதும். அதைச் செய்யும் முறையை வாசகர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் நிறம். நெல்லில் மட்டும் மஞ்சள் எத்தனை விதம் என்று எண்ணிப் பாருங்கள். தழைச்சத்து குறைந்தால் கீழ் இலைகள் நுனியிலிருந்து சீராக வெளுத்து மஞ்சளாகும். இரும்புச்சத்து குறைந்தால் புது இலைகள் நரம்பு பச்சையாக இருக்க நடுவில் வெளுக்கும். துங்ரோ நச்சுயிரி வந்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சள். பாக்டீரியா இலைக்கருகலில் ஓரம் நெளிநெளியாக மஞ்சளாகிப் பிறகு வைக்கோல் நிறம் ஆகும். படத்தில் இந்த வேறுபாடு அழிந்தால் விளைவு சாதாரணமில்லை. இலைக்கருகலைத் தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போட்டால் கருகல் இன்னும் வேகமாகப் பரவும். தழைச்சத்து மிஞ்சிய பயிரைக் குலைநோயும் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் தேடி வரும். இவ்வளவும் ஒரு தவறான மஞ்சளிலிருந்து கிளம்பக்கூடியவை.

கேமரா ஏன் நிறத்தை மாற்றுகிறது? ஒளிக்கு ஒளி நிறம் வேறு. அதைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். பழைய குண்டு பல்பு ஏறக்குறைய 2700 கெல்வின், மஞ்சள் ஒளி. நண்பகல் வெயில் 5200 முதல் 5500 வரை. மேகமூட்டம் 6000க்கு மேல். நீலவானத்தின் கீழ் உள்ள நிழல் 7000, 8000 கூடப் போகும், அந்த ஒளி நீலம். வீட்டு எல்.இ.டி. பல்பின் அட்டைப்பெட்டியிலும் 6500கே, 3000கே என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். நம் கண்ணும் மூளையும் இதை உடனுக்குடன் ஈடுகட்டிக்கொள்வதால் வெள்ளைத்தாள் எங்கும் வெள்ளையாகவே தெரிகிறது. கேமராவுக்கு அந்த வேலையைச் செய்வதுதான் ஒயிட் பேலன்ஸ்.

ஆட்டோவில் விட்டால் கேமரா, சட்டத்துக்குள் (படமாக விழும் பரப்புக்குள்) இருக்கும் நிறங்களையெல்லாம் கூட்டிப் பார்த்து, அவை சராசரியில் சாம்பல் நிறத்துக்கு அருகே வர வேண்டும் என்ற கணக்கில் ஒளியின் நிறத்தை ஊகிக்கிறது. கல்யாண வீட்டிலோ கடைத்தெருவிலோ பல நிறங்கள் கலந்திருப்பதால் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். இலையை நெருங்கி எடுக்கும்போதுதான் கவிழ்ந்துவிடுகிறது. மஞ்சளித்த இலை சட்டத்தை நிரப்பினால், "இது மஞ்சள் பல்பு வெளிச்சம்" என்று கேமரா எடுத்துக்கொண்டு நீலத்தைச் சேர்க்கிறது. நோயின் அடையாளமான மஞ்சள் அங்கே கரைந்து சாம்பலாகிவிடுகிறது. நல்ல கரும்பச்சை இலை நிரம்பினால் பச்சையைக் குறைத்து இலையைச் சோகையாகக் காட்டுகிறது. நோயுள்ளது தேறியும் நல்லது நோய்ப்பட்டும் தெரிகின்றன. இதில் கேமராவுக்குப் பழுது எதுவும் கிடையாது. அதன் கணக்கு அப்படி.

ஆகவே முதல் வேலை, மேலே இருக்கும் வட்டத் திருகியை ஆட்டோவிலிருந்து 'பி' என்ற எழுத்துக்கு மாற்றுவது. பச்சை நிற ஆட்டோவிலும், படம்போட்ட காட்சி முறைகளிலும் ஒயிட் பேலன்ஸ் மெனுவே திறக்காது. பலர் "என் கேமராவில் அந்த வசதி இல்லை" என்று சொல்வதற்கு இதுதான் காரணம். சில கேமராக்களில் இலை, மரம் படம் போட்ட ஒரு காட்சி முறை இருக்கும். பயிருக்குத்தான் இது என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சுற்றுலாப் படத்தில் மரங்கள் கொழுகொழுவென்று தெரிவதற்காகப் பச்சையை ஏற்றிக் காட்டும் முறை அது. நோய்ப் படத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. 'விவிட்' என்ற நிற அழுத்தம் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

'பி' முறையில் ஒயிட் பேலன்ஸைத் திறந்தால் சூரியன், மேகம், பல்பு, குழல்விளக்கு என்று படங்கள் வரிசையாக வரும். திறந்த வெயிலில் சூரியன், மப்பும் மந்தாரமுமான நாளில் மேகம். இந்த இரண்டே ஆட்டோவைவிட நம்பகமானவை. ஏனென்றால் இலையின் நிறம் எதுவானாலும் இவை ஆடாமல் ஒரே இடத்தில் நிற்கும். பத்து வயல்களில் பத்து இலை எடுத்தால் பத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். மரநிழலுக்கும் வீட்டு நிழலுக்கும் வீடு போட்ட நிழல் குறி இருந்தால் அது, இல்லாவிட்டால் மேகம்.

ஆனால் உண்மையான தீர்வு, வெள்ளையைக் காட்டிக் கேமராவுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். கேனானில் இதற்கு 'கஸ்டம்' என்று பெயர். நிக்கான் கூல்பிக்ஸில் 'ப்ரீசெட் மேனுவல்', பானசோனிக்கில் 'ஒயிட் செட்'. இரண்டு முக்கோணங்களுக்கு நடுவே ஒரு சின்னச் சதுரம் போட்ட குறியைத் தேடினால் பல கேமராக்களில் அகப்படும். அதைத் தேர்ந்தெடுத்து, இலை இருக்கும் அதே இடத்தில் ஒரு வெள்ளைப் பரப்பைப் பிடித்து, திரை முழுவதும் அது நிரம்பும்படி கேமராவை நெருக்கி, திரையில் சொல்லும் பொத்தானை அழுத்த வேண்டும். கூல்பிக்ஸில் 'மெஷர்' என்ற வரியில் ஓகே அழுத்தினால் ஷட்டர் சத்தம் மட்டும் கேட்கும், படம் பதிவாகாது. பயப்பட வேண்டாம், அளவு எடுத்தாகிவிட்டது. வெள்ளைப் பரப்பில் ஃபோகஸ் கிடைக்காமல் கேமரா தடுமாறினாலும் கவலையில்லை, நிறத்தை அளக்க ஃபோகஸ் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை மூன்று. வெள்ளைப் பரப்பின் மேல் விழும் ஒளியும் இலையின் மேல் விழும் ஒளியும் ஒன்றாக இருக்க வேண்டும். இலை நிழலில் இருக்க, அட்டையை வெயிலில் பிடித்து அளந்தால் எல்லாப் படமும் நீலமாகிவிடும். இரண்டாவது, அட்டையை இலை சாய்ந்திருக்கும் அதே சாய்வில் பிடியுங்கள். வானத்தைப் பார்த்த பரப்புக்கும் மண்ணைப் பார்த்த பரப்புக்கும் கிடைக்கும் நிறம் வேறு. மூன்றாவது, அட்டை கண் கூசும் அளவுக்குப் பளிச்சிட்டால் சில கேமராக்கள் அளவை ஏற்காது, ஏற்றாலும் தப்பாக ஏற்கும். உடம்பால் நிழல் கொடுத்து, இலைக்கும் அதே நிழலைக் கொடுத்து எடுத்தால் இந்தத் தொல்லை வராது.

எது வெள்ளை என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஜெராக்ஸ் கடை ஏ4 தாளில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும். அந்தத் தாளை வைத்து அளந்தால் கேமரா நீலத்தைக் குறைத்துவிட, இலை இல்லாத மஞ்சளைப் பூசிக்கொண்டு வரும். வேட்டியும் துண்டும் அதைவிட மோசம். சோப்புத்தூளில் அதே வேதிப்பொருள், போதாததற்கு அலசும்போது போட்ட சொட்டு நீலம் வேறு. ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் சாம்பல் அட்டை கிடைத்தால் சிறப்பு. கிடைக்காதவர்கள் தெர்மாகோல் துண்டு ஒன்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்ணம் பூசாத புதுத் தெர்மாகோல் எந்த நிறத்துக்கும் பெரிதாகச் சாயாத வெள்ளை. குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு அட்டையில் நாலைந்து சுற்று அடுக்கிச் சுற்றினாலும் அருமையான வெள்ளை கிடைக்கும். அழுக்கானதும் மாற்றிவிட வேண்டும்.

இந்த அளவெடுப்பு எங்கே தவிர்க்கவே முடியாதது என்றால், நிழல்வலைக் கூடாரத்தில். பச்சை வலைக்குள் ஒளி முழுவதும் பச்சை. தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றங்கால் படங்கள் இங்கிருந்துதான் அதிகம் வருகின்றன. சூரியன், மேகம், பல்பு என்ற எந்தக் குறியும் இதைச் சரிசெய்யாது. அவையெல்லாம் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே நகர்பவை, பச்சையைக் கழிக்க அவற்றால் ஆகாது. வெளுத்த நாற்று வலைக்குள் எடுத்த படத்தில் திடமான பச்சையாக நிற்கும். தெர்மாகோலைக் காட்டி அளந்தால் மட்டுமே உண்மை தெரியும். அடர்ந்த தென்னை, வாழைத் தோப்புக்குள்ளும் இலைகளினூடே வடிந்து வரும் ஒளியில் பச்சை கலந்திருக்கிறது, அங்கும் இப்படியே. படம் எடுப்பவர் போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கவனிக்க வேண்டும். சிவப்புச் சட்டையோடு இலைமேல் குனிந்தால் அந்தச் சிவப்பு இலையில் படியும். வண்ணக்குடை பிடித்து நிழல் கொடுத்தாலும் அதே கதிதான், கறுப்புக்குடை பாதகமில்லை.

இரவில் இலையைப் பறித்து வந்து ட்யூப்லைட் அடியில் எடுப்பதை முடிந்தவரை தவிருங்கள். அந்த ஒளியில் எல்லா நிறமும் சமமாக இல்லை, சில நிறங்கள் மெலிந்தும் பச்சை தூக்கலாகவும் இருக்கும். தவிர, நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று என்பதால் பழைய குழல்விளக்கும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. வேகமான ஷட்டரில் அடுத்தடுத்து எடுத்த படங்களின் நிறமும் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று மாறிப்போகும். வேறு வழியே இல்லையென்றால், ஷட்டர் வேகத்தை மாற்ற முடிகிற கேமராவில் 1/50 அல்லது 1/100 வைத்து, வெள்ளையை அளந்து எடுக்கலாம். ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் ஒன்றாக விழக்கூடாது. இரண்டுக்கும் பொதுவான ஒயிட் பேலன்ஸ் கிடையாது, விளக்கை அணைத்துவிடுங்கள். நெல் இலை பறித்த சில நிமிடங்களில் ஈரம் வற்றிச் சுருண்டுகொள்ளும் என்பதால் செடியோடு வைத்து எடுப்பதே நல்லது.

வெளிச்சத்தின் அளவும் நிறத்தைக் கெடுக்கும் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கறுப்புத் துணியில் வைத்து எடுத்தால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், இலை வெளுத்து மஞ்சளாகத் தெரியும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானில் மைனஸ் 1/3 அல்லது மைனஸ் 2/3 வையுங்கள். பின்னணிக்கு மங்கிய சாம்பல் நிற அட்டைதான் உத்தமம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஒரு சாண் தூரத்தில் அடித்தால் இலையின் மெழுகுப்பூச்சு பளபளத்து, புள்ளி இருக்கும் இடமே வெள்ளைத் திட்டாகிவிடும். நேரம் காலை 8 முதல் 10 வரை. சாயங்கால வெயில் சிவந்துகொண்டே போவதால் கால் மணிக்கு முன்பு அளந்த வெள்ளை அப்போது செல்லாது.

நெல்லுக்கு இலை வண்ண அட்டை (பச்சையின் படிநிலைகளை எண்ணிட்டுக் காட்டும் பட்டை) வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி யோசனை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இந்த அட்டையை வைத்துத் தழைச்சத்து இடுவதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்கு அளவு 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4. அதற்குக் கீழே இறங்கினால் யூரியா. அட்டையைப் பார்க்கும்போது வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொள்ளச் சொல்வதும் ஒளியின் காரணமாகத்தான். அந்த அட்டையையே இலையோடு சேர்த்து ஒரே சட்டத்தில் எடுத்து அனுப்புங்கள். ஒயிட் பேலன்ஸ் கொஞ்சம் பிசகியிருந்தாலும் இலையும் அட்டையும் ஒரே அளவில் பிசகியிருக்கும், பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட்டு முடிவு சொல்லலாம். அட்டை இல்லாதவர்கள் முதல் படத்தில் மட்டும் தெர்மாகோல் துண்டை இலையின் ஓரத்தில் வைத்து எடுங்கள். அது வெள்ளையாகத் தெரிகிறதா, மஞ்சளா, நீலமா என்று பார்த்தே மறுமுனையில் இருப்பவர் நிறத்தைத் திருத்திக்கொள்வார்.

இனி ஃபோகஸ். சின்னக் கேமராக்களில் பெரும்பாலானவை ஒரே முறையில்தான் ஃபோகஸ் தேடுகின்றன. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, திரையில் தெரியும் ஃபோகஸ் கட்டத்துக்குள் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாடு எங்கே உச்சமாகிறதோ அங்கே நிற்கும். ஆகையால் கட்டத்துக்குள் வேறுபாடு இல்லாத வழவழப்பான பரப்பு வந்தால் தேடிக்கொண்டே இருக்கும். வேறுபாடு அதிகமுள்ள இன்னொன்று கட்டத்துக்குள் புகுந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். நெல் இலையின் அகலம் ஒரு விரல்கூடத் தேறாது. கட்டத்தின் நடுவில் இலை ஒரு கோடாக நிற்க, இருபுறமும் சேறும் தூரும் தெரிகின்றன. கேமரா சேற்றைப் பிடிப்பதில் வியப்பில்லை. இலைக்குப் பின்னால் உள்ளங்கையையோ நோட்டு அட்டையையோ ஒட்டிப் பிடித்துவிட்டால் தப்பிப்போக இடமில்லாமல் ஃபோகஸ் இலையிலேயே விழும். நாங்கள் பார்த்த அளவில், மங்கலான நெல் படங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கையசைவால் சரியாகியிருக்கும்.

அமைப்பில் மாற்ற வேண்டியது: முகம் தேடும் முறையையும், ஒன்பது கட்டங்களில் கேமராவே பொறுக்கும் முறையையும் அணைத்து, 'சென்டர்' என்ற நடுக்கட்டத்தை வையுங்கள். கட்டத்தின் அளவைச் சிறிதாக்க முடிந்தால் சிறிதாக்குங்கள். மிக நெருங்கி எடுப்பதற்கான, பூ படம் போட்ட மேக்ரோ பொத்தானை அழுத்துங்கள். இத்தோடு ஜூமை முழுவதும் அகலப் பக்கத்துக்கு இழுத்துவிட வேண்டும். இதைத்தான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஜூமை நீட்டினால் பக்கத்தில் வரும் என்று நினைத்து நீட்டுவார்கள், கேமரா ஃபோகஸ் பிடிக்காது. மேக்ரோவில் அகலப் பக்கத்தில் 3 முதல் 5 செ.மீ. வரை நெருங்கலாம் என்றால், நீட்டிய ஜூமில் அதே கேமரா ஒன்றரை அடிக்குக் கிட்டே வரவிடாது. தன் கேமராவின் நெருக்க எல்லையைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. அந்த எல்லைக்குள் போய்விட்டால் எத்தனை முறை அழுத்தினாலும் கட்டம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மின்னும். இரண்டு விரற்கடை பின்னால் வந்து மறுபடி அழுத்துங்கள்.

ஷட்டர் பொத்தானுக்கு இரண்டு நிலை உண்டு என்பது தெரியாமலே பல வருடம் கேமரா வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பாதி அழுத்தினால் ஃபோகஸ். கட்டம் பச்சையாகி 'பீப்' சத்தம் வரும் வரை அங்கேயே நிறுத்துங்கள். அதன் பிறகே மீதி அழுத்தம். ஒரே மூச்சில் குத்தினால் லென்ஸ் நகர்ந்துகொண்டிருக்கும்போதே படம் விழுந்துவிடும். மனிதர்களை எடுக்கும்போது பாதி அழுத்தி, பிடித்தபடியே கேமராவைத் திருப்பிச் சட்டத்தை மாற்றி அழுத்துவது வழக்கம். மேக்ரோவில் அது ஆகாது. அவ்வளவு நெருக்கத்தில் தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான், திருப்பும்போது உடம்பு முன்னே சாய்வதே அதைக் கெடுக்கப் போதும். புழுவை நடுவில் வைத்தே எடுங்கள், ஓரங்களைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். இலையைச் சாய்வாகப் பிடிக்காமல் லென்ஸுக்கு நேராக, தட்டையாக வைத்தால் அந்தச் சில மில்லிமீட்டருக்குள் முழு இலையும் அடங்கும்.

பழைய கேமராக்கள் சிலவற்றுக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. குறுக்குவாட்டில் மட்டுமே வேறுபாட்டை அளப்பதால் கிடைக்கோடுகளைப் பார்த்தால் அவை திணறும். நெல், கரும்பு, சோளம், வாழை எல்லாம் இணை நரம்புள்ள இலைகள். நரம்பு கிடையாக ஓடும்படி இலையைப் பிடித்தால் ஃபோகஸ் அலையும், இலையைச் செங்குத்தாகவோ சாய்வாகவோ திருப்பியதும் சட்டென்று பிடிக்கும். இலையைத் திருப்ப முடியாவிட்டால் கேமராவைத் திருப்புங்கள்.

காற்றுக்கு மருந்து துணி கிளிப். ஒரு குச்சியை மண்ணில் ஊன்றி இலையைக் கிளிப்பால் அதில் பிடிக்கச் செய்யுங்கள். ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வு அளவை 200 அல்லது 400க்கு ஏற்றினால் ஷட்டர் வேகம் கூடி அசைவு அடங்கும். அதற்கு மேல் போனால் சின்னக் கேமராவில் புள்ளி புள்ளியாக 'இரைச்சல்' என்ற பிசிறு வந்து, நோய்ப்புள்ளி எது இரைச்சல் எது என்று தெரியாமல் போகும். ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கு லென்ஸுக்குப் பக்கவாட்டில் இருப்பதால் மிக நெருக்கத்தில் அதன் ஒளி இலையில் படாமல் தாண்டிப் போகும், மேக்ரோவில் அதை நம்ப வேண்டாம். லென்ஸில் மருந்துத் தெளிப்பின் ஈரமோ விரல்ரேகையோ இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. வயலில் இறங்குமுன் மெல்லிய பருத்தித் துணியால் ஒருமுறை துடையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து நேராக வெயிலுக்கு எடுத்து வந்தால் லென்ஸில் பனி படியும், கால் மணி நேரம் பையிலேயே வைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குள்ளும் வந்த புழு. இதை மற்றப் புழுக்களிலிருந்து பிரித்துச் சொல்ல இரண்டு அடையாளம். தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்துப் போல வெளிறிய கோடு. உடலின் கடைசிக்கு முந்தைய கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளி. நன்கு வளர்ந்த புழுவின் தலையே 3 மி.மீ. அகலத்துக்கு உட்பட்டது. முதுகில் ஃபோகஸ் விழுந்து தலை மங்கினால் படம் வீண். ஆகவே தலைக்கு ஒரு படம், வால்பக்கத்துக்கு ஒரு படம் என்று தனித்தனியாக நடுக்கட்டத்தில் வைத்து எடுங்கள். ஃபோகஸ் பிடிவாதமாக மறுத்தால், புழு இருக்கும் அதே தூரத்தில் பிடித்த ஒரு குச்சி நுனியில் பாதி அழுத்திப் பூட்டிவிட்டு, கேமராவை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தபடி ஐந்தாறு படம் எடுங்கள், ஒன்றாவது தெளிவாக அமையும். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட தென்னை சுருள் வெள்ளை ஈக்கும் இதே நெருக்கம் வேண்டும். முட்டைச் சுருள் ஓலையின் அடிப்பக்கத்தில் இருப்பதால் ஓலையைத் திருப்பி, அதன் சுருள் வடிவம் தெரிய எடுக்க வேண்டும்.

இலைப்பேன், சிலந்திப்பேன் என்று ஒரு மில்லிமீட்டர் சமாச்சாரங்களுக்குச் சாதாரண மேக்ரோ எட்டாது. புதிதாக வாங்கும் நிறுவனங்களுக்கு, முன்பு ஒலிம்பஸ் என்றும் இப்போது 'ஓ.எம். சிஸ்டம்' என்றும் பெயர் போட்டு வரும் டஃப் டி.ஜி. வரிசையைச் சொல்லலாம். அதில் நுண்ணோக்கி முறையில் லென்ஸிலிருந்து 1 செ.மீ. வரை நெருங்கி, ஜூமையும் நீட்ட முடியும், தண்ணீரும் சேறும் அதற்குப் பொருட்டில்லை. கைபேசி வைத்திருப்பவர்கள் 'ப்ரோ' முறையில் போய் ஒயிட் பேலன்ஸைக் கெல்வின் எண்ணில் நிறுத்திக்கொண்டால் இங்கே சொன்னதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

எடுத்த படத்தை அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டரை அங்குலத் திரையில் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தெரியும், ஐந்து மடங்கு பெரிதாக்கினால்தான் வண்டவாளம் தெரியும். திரையின் நிறத்தை வெயிலில் வைத்து நம்பாதீர்கள். அளவு தெரிய ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைக்கலாம், அதன் குறுக்களவு 27 மி.மீ. கேமராவின் தேதியைச் சரியாக வைத்திருந்தால் பயிரின் வயதைக் கணக்கிட உதவும். வயல் முழுவதும் ஒன்று, செடி முழுவதும் ஒன்று, இலையின் மேல்புறம், அடிப்புறம் என்று குறைந்தது நான்கு படம் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்புங்கள். வேலை முடிந்ததும் ஒயிட் பேலன்ஸை மறக்காமல் ஆட்டோவுக்குத் திருப்புங்கள். கேமராவை அணைத்து மறுபடி இயக்கினாலும் கஸ்டம் அளவு அப்படியே நிற்கும். நிழல்வலையில் அளந்ததோடு அடுத்த நாள் வயலுக்குப் போனால் பயிர் முழுவதும் ஊதா கலந்த சிவப்பாக விழும்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு கோரிக்கைகள். விவசாயிகளின் கேள்வி பதில் பகுதிக்குப் பக்கத்தில், படம் எடுக்கும் முறையைக் கட்டம் கட்டி வாராவாரம் வெளியிட வேண்டும்: 'பி' முறை, தெர்மாகோல் வெள்ளை, நடுக்கட்டம், மேக்ரோ, ஃபிளாஷ் இல்லை, நான்கு படம். நாலு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. இன்னொன்று பக்க வடிவமைப்பாளர்களுக்கு. வாசகர் அனுப்பும் படத்தைப் பளிச்சென்று காட்டுவதற்காகக் கணினியில் 'ஆட்டோ கலர்' போடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கேமராவின் ஆட்டோ செய்யும் அதே ஊகத்தைத்தான் அதுவும் செய்கிறது. விவசாயி சிரமப்பட்டு வெள்ளையை அளந்து அனுப்பிய படத்தில் அது மறுபடி மஞ்சளைக் கரைத்துவிடும். நோய்ப் படங்களை மட்டுமாவது வந்த நிறத்திலேயே அச்சுக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
திருவாரூர் மாவட்டம்.